எருமைக்கறி வந்த வழி

கோலாலம்பூரில் ஒரு கடையின் உறைபெட்டிக்குள் இரண்டு இறைச்சிப் பொட்டலங்கள் அருகருகே கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் இந்தியாவிலிருந்து கப்பலில் போன எருமை இறைச்சி. ஒன்று முறைப்படி அறுக்கப்பட்டு, முறைப்படி வந்து சேர்ந்தது. இன்னொன்று அப்படி வராதது. முதலாவது ஹலால், இரண்டாவது இல்லை. இப்போது இரண்டையும் உலகின் தலைசிறந்த ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கட்டும், புரதத்தையும் கொழுப்பையும் அளக்கட்டும், டி.என்.ஏ.வைப் படிக்கட்டும். எது ஹலால் என்று அவர்களால் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே கொட்டிலில் நின்ற எருமைகளாகக்கூட இருக்கலாம்.

உப்பு எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, கிருமி உண்டா என்பதெல்லாம் பொருளின் உள்ளே இருக்கும் செய்தி. கருவி வைத்தால் தெரிந்துவிடும். ஹலால் என்பதில் பாதிக்கு மேல் பொருளின் கடந்த காலத்தைப் பற்றிய செய்தி: யார் அறுத்தார், எந்தப் பெயர் சொல்லி அறுத்தார், பிறகு அது எதைத் தொட்டது, எதனோடு பயணம் செய்தது. கடந்த காலத்தை அளக்கும் கருவி எதுவும் இல்லை. ஆகவே ஹலால் இறைச்சியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் தொழிலில் இருப்பவர்கள் ஒரு விசித்திரமான சுமையைத் தாங்குகிறார்கள். பொருளை மட்டும் சுமந்தால் போதாது. அதன் வரலாற்றையும் சிதறாமல் சுமக்க வேண்டும்.

அந்த வரலாறு நீளமானது. மலேசியா இறக்குமதி செய்யும் உறைந்த மாட்டிறைச்சியில் பெரும்பகுதி இந்திய எருமை இறைச்சிதான். உத்தரப் பிரதேசத்திலோ மகாராஷ்டிரத்திலோ அறுத்து, எலும்பு நீக்கி, அட்டைப்பெட்டியில் அடைத்து உறைய வைக்கிறார்கள். லாரியில் துறைமுகம் போகிறது. மைனஸ் 18 டிகிரியில் குளிர்பெட்டகத்துக்குள் கப்பலேறுகிறது. போர்ட் கிள்ளானில் இறங்கி, குளிர்பதனக் கிடங்கு, மறுபடி லாரி, மொத்த வியாபாரி, கடை. அறுத்த இடத்தில் எல்லாம் சரியாக நடந்தது என்றே கொள்வோம். அதற்குப் பிறகு பத்துக் கை மாறுகிறது. குளிர்பெட்டகத்தைப் பற்றி யோசியுங்கள். அது ஒரு கம்பெனியின் ஆயிரக்கணக்கான பெட்டகங்களில் ஒன்று. போன மாதம் ஐரோப்பாவிலிருந்து பன்றி இறைச்சி ஏற்றி வந்திருக்கலாம். அதற்கு முந்தைய மாதம் ஆப்பிள். வெளியில் எண் மட்டும்தான் எழுதியிருக்கும்.

இந்தக் கவலை நம் சமையலறைக்கும் புதிதல்ல. சைவமும் அசைவமும் சமைக்கும் பல வீடுகளில் மீன் குழம்புச் சட்டி தனியாகக் கொல்லைப்புறத்தில் கவிழ்ந்திருக்கும். அதை எவ்வளவு தேய்த்தாலும் சாம்பார் வைக்கமாட்டார்கள். எவர்சில்வர் பாத்திரம் என்றால் ஒருவேளை புளி போட்டுத் தேய்த்து உள்ளே எடுத்துக்கொள்வார்கள். மண்சட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. இதற்குப் பின்னால் நுணுக்கமான பொருளறிவு இருக்கிறது. மண்சட்டியின் சுவர் நுண்துளைகளால் ஆனது, அது குடித்ததைத் திருப்பித் தராது. உலோகம் மேற்பரப்போடு நிறுத்திக்கொள்ளும். ஹலால் சரக்குப் போக்குவரத்தின் முழு அறிவியலும் இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றித்தான்: அசுத்தம் எப்படி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது? போனதை எப்படி நீக்குவது?

முதல் கேள்விக்கு இஸ்லாமியச் சட்டநூல்களில், குறிப்பாக ஷாஃபி மத்ஹபு என்ற சட்டப்பிரிவில், தெளிவான ஒரு விதி உண்டு. மலேசியா, இந்தோனேசியாவிலும், நம் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கரையோர ஊர்களிலும், இலங்கை முஸ்லிம்களிடையிலும் வழங்குவது இந்த மத்ஹபுதான். நஜீஸ், அதாவது மார்க்கம் அசுத்தம் என்று சொல்வது, காய்ந்திருந்து, அதைத் தொடுவதும் காய்ந்திருந்தால் அசுத்தம் ஒட்டாது. இரண்டில் ஒன்றாவது ஈரமாக இருந்தால்தான் ஒட்டும். இயற்பியலும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. இரண்டு திடப்பொருள்கள் தொடும்போது உண்மையில் சில மேடுகளில் மட்டுமே தொடுகின்றன, நடுவில் காற்று. அந்த இடைவெளியை நீர் நிரப்பிவிட்டால், கரையக்கூடியதும் மிதக்கக்கூடியதும் அதன் வழியே தாராளமாக மறுபக்கம் போய்ச் சேரும்.

அப்படியானால் மைனஸ் 18 டிகிரியில் கல்லாக உறைந்த பெட்டிகளுக்குப் பயமில்லையே? பெட்டகத்துக்குள் இருக்கும்வரை பயம் குறைவுதான். ஆபத்து கதவு திறக்கும் நேரத்தில் வருகிறது. கிள்ளான் காற்றில் ஈரம் மிகுதி. ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருள்மீதும் அது நீராக இறங்கிவிடும். ஏற்றி இறக்கும் மேடையில் பெட்டி அரை மணி நேரம் காத்திருந்தால் முதலில் வெண்பனி படியும், பிறகு வியர்க்கும், அட்டை நனையும். காய்ந்திருந்த இரண்டு பெட்டிகள் இப்போது ஈரமான இரண்டு பெட்டிகள். கொஞ்சம் உருகி மறுபடி உறைந்திருந்தால் இன்னும் மோசம். மெதுவாக உறையும்போது பனிப்படிகங்கள் பெரிதாக வளர்ந்து தசையின் உயிரணுக்களைக் கிழித்துவிடும். அடுத்தமுறை உருகும்போது அங்கிருந்து சிவந்த நீர் வடியும். பெட்டியின் அடியில் தேங்கி, கீழே இருக்கும் பெட்டிக்குச் சொட்டும்.

ஆகவே குளிர்ச்சி விட்டுப்போகாமல் காப்பது இறைச்சி கெடாமலிருக்க மட்டும் தேவைப்படுவதல்ல. உறைநிலை குலைந்தால் ஹலாலுக்கும் கேடு. ஹலாலோடு எப்போதும் சேர்த்துச் சொல்லப்படும் தய்யிப் என்ற நிபந்தனை, பொருள் தூய்மையாகவும் உடலுக்கு நல்லதாகவும் இருக்கவேண்டும் என்பது, இங்கே ஹலாலை ஒரே வெப்பமானியில் வந்து சந்திக்கிறது. அந்த மேடையில் நிற்கும் தொழிலாளி கதவை எவ்வளவு சீக்கிரம் மூடுகிறார் என்பதில் சுகாதாரமும் மார்க்கமும் ஒன்றாக அடங்கியிருக்கின்றன.

இன்னும் இரண்டு இடங்கள் கவனிக்க வேண்டியவை. குளிர்பெட்டகத்தின் தரை சமதளமல்ல. குளிர்காற்று அடியில் ஓடுவதற்காக நீளவாட்டில் அலுமினியப் பள்ளங்கள் வெட்டியிருக்கும். வடிந்த நீரெல்லாம் அந்தப் பள்ளங்களில்தான் போய்த் தங்கும். கழுவும்போது கண்ணுக்குத் தெரியும் சுவரைவிட அந்தப் பள்ளம்தான் முக்கியம். அடுத்தது, பெட்டிகளை அடுக்கும் பேலட். மரப் பேலட் மண்சட்டி இனம்: குடித்ததை விடாது. பிளாஸ்டிக் பேலட்டைக் கழுவலாம்.

இனி இரண்டாவது கேள்வி. எல்லா அசுத்தமும் ஒரே தரமல்ல. இரத்தம் போன்றவற்றுக்கு நிறம், மணம், சுவை மூன்றும் போகும்வரை நீரால் கழுவினால் போதும். நாய், பன்றி சம்பந்தப்பட்டவற்றை ஷாஃபி மத்ஹபு கடும் நஜீஸ் என்று வகுக்கிறது. நாய் வாய்வைத்த பாத்திரத்தை ஏழுமுறை கழுவவேண்டும், அதில் ஒருமுறை மண்ணோடு என்பது நபிமொழி. பன்றிக்கும் அதையே அறிஞர்கள் நீட்டித்தார்கள். மற்ற மத்ஹபுகளில் இது வேறுபடும். மாலிகி மத்ஹபு நாயைத் தூய பிராணியாகவே கொள்கிறது. மலேசியாவில் இந்தக் கழுவலுக்குச் செர்த்து என்று பெயர். வீட்டுப் பாத்திரத்துக்கு வந்த விதியை 40 அடி நீளக் குளிர்பெட்டகத்துக்குப் பொருத்திப் பாருங்கள். உள்ளே ஒட்டியதையெல்லாம் முதலில் நீக்கவேண்டும். சுத்தமான மண்ணைக் கலங்கல் நீராகக் கரைத்துச் சுவர், கூரை, தரைப் பள்ளம் எல்லாவற்றிலும் படும்படி அடிக்கவேண்டும். பிறகு ஆறுமுறை நல்ல தண்ணீர். மணல் கலந்த மண் குழாய்முனையை அடைக்கும், உலோகத்தைக் கீறும். நுண்ணிய களிமண்தான் தோது.

ஏழு முறை என்பதை ஒரு கணக்கோடு பார்க்கலாம். கழுவி வடித்தபின் சுவரில் எப்போதும் ஒரு லிட்டர் நீர் ஒட்டி நிற்கிறது, அசுத்தம் அதில் கலந்திருக்கிறது என்று கொள்வோம். நம்மிடம் 70 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. மொத்தத்தையும் ஒரே தடவையில் ஊற்றி வடித்தால், மிஞ்சுவது பழைய அசுத்தத்தில் 71இல் ஒரு பங்கு. அதே 70 லிட்டரைப் பத்துப் பத்தாக ஏழுமுறை ஊற்றி வடித்தால்? ஒவ்வொரு முறையும் 11இல் ஒரு பங்கு மிஞ்சும். பதினொன்றில் ஒன்றில் பதினொன்றில் ஒன்று என்று ஏழுமுறை போனால், மிஞ்சுவது ஏறத்தாழ 1 கோடியே 95 லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அதிகமாகச் செலவாகவில்லை. பிரித்து ஊற்றியதுதான் செய்த ஒரே காரியம். வேதியியல் ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவையைக் கழுவும் மாணவருக்கும் இதையேதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஏழு என்ற எண்ணுக்கு இந்தக் கணக்குதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. நம்புகிறவர்களுக்கு அது கட்டளை, காரணம் கேட்டுச் செய்வதல்ல. அந்தக் கட்டளை நீரை வீணாக்காத கட்டளையாக இருக்கிறது என்பது மட்டும் கண்கூடு.

இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. அசுத்தம் நீரில் கலந்து வரவேண்டும். கொழுப்பு அப்படி வராது, சுவரோடு ஒட்டிக்கொள்ளும். மண் இங்கே வேலை செய்கிறது. களிமண் துகள் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் சிறியது. தட்டுத் தட்டான அடுக்குகளால் ஆனது. சிலவகைக் களிமண்ணில் ஒரு கிராமுக்குள் இருக்கும் மேற்பரப்பையெல்லாம் விரித்தால் பல நூறு சதுர மீட்டர் வரும். அவ்வளவு பரப்பிலும் கொழுப்பும் புரதமும் போய்ப் படிந்துகொள்ளும். இதைப் பரப்புக்கவர்ச்சி என்கிறோம்: உள்ளே உறிஞ்சுவதல்ல, மேலே பிடித்து வைப்பது. ஐரோப்பாவில் ஆட்டு ரோமத்தின் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க நூற்றாண்டுகளாகப் பயன்பட்டதும், நம் கடைகளில் முகத்துக்குப் பூச விற்கும் முல்தானி மட்டியும் இந்த வகைக் களிமண்தான். படிந்ததோடு சேர்த்து மண்ணை அடுத்த ஆறு கழுவல்கள் கொண்டுபோய்விடும்.

மலேசியத் தரவிதிகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வரி உண்டு. பன்றிக்குப் பயன்பட்ட உற்பத்தி வரிசையைச் செர்த்து செய்து ஹலாலுக்கு மாற்றலாம். ஆனால் மறுபடி அதற்கு, மறுபடி இதற்கு என்று மாற்றி மாற்றிச் செய்யக் கூடாது. கழுவினால் தூய்மையாகும் என்று ஒப்புக்கொண்ட பிறகு ஏன் இந்தத் தடை? கழுவும் வசதி இருக்கிறது என்பதே அலட்சியத்துக்கு வழியாகிவிடும் என்பதை அந்த விதியை எழுதியவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். ஐம்பது முறை கழுவினால் ஐம்பத்தோராவது முறை அவசரத்தில் ஒரு பள்ளம் விட்டுப்போகும். நல்ல பொறியாளரும் இப்படித்தான் யோசிப்பார்.

கழுவியது சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பி.சி.ஆர். சோதனை இங்கே வருகிறது. கொரோனாக் காலத்தில் எல்லோரும் கேட்ட அதே பெயர். பன்றிக்கே உரிய ஒரு சிறு டி.என்.ஏ. வரிசையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரும்பாலும் உயிரணுவின் மைட்டோகாண்டிரியாவிலிருந்து, காரணம் ஓர் உயிரணுவில் அதற்கு நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான நகல்கள் உண்டு. அந்த வரிசை மாதிரியில் இருந்தால், சூடாக்கிக் குளிரவைக்கும் ஒவ்வொரு சுற்றிலும் அது இரட்டிக்கும். 30 சுற்றில் ஒன்று நூறு கோடிக்கு மேலாகிவிடும். இல்லாவிட்டால் ஒன்றும் பெருகாது. இவ்வளவு கூர்மையான கருவி கிடைத்ததும் சந்தேகமெல்லாம் தீர்ந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

2014 மே மாதம் மலேசியச் சுகாதார அமைச்சு, கேட்பரி சாக்லேட்டுகளில் இரண்டு வகைகளில் பன்றி டி.என்.ஏ.வின் தடயம் கண்டதாக அறிவித்தது. நாடே கொந்தளித்தது. சாக்லேட்டுகள் கடைகளிலிருந்து திரும்ப எடுக்கப்பட்டன. அடுத்த சில நாட்களில் ஹலால் சான்று வழங்கும் ஜாக்கிம் அமைப்பு தொழிற்சாலையிலிருந்தே 11 மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. எதிலும் தடயம் இல்லை. முதல் மாதிரிகள் தொழிற்சாலையிலிருந்து நேரடியாக எடுக்கப்பட்டவை அல்ல என்பது பிறகு வெளிவந்தது. இங்கே சோதனை பொய்யென்று கொள்ள வேண்டியதில்லை. மாதிரி ஆய்வகத்துக்கு வந்த வழி யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை, அதுதான் சிக்கல். தடயம் ஆலையில் கலந்ததா, கடையிலா, பிரித்த கையிலா? கருவி எவ்வளவு கூர்மையாகிறதோ, அந்த அளவுக்கு மாதிரியின் பயணமும் சுத்தமாக இருக்கவேண்டும். பயணத்தைச் சரிபார்க்க வந்த சோதனைக்கே ஒரு நம்பகமான பயணம் தேவைப்படுகிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. சாதாரணக் கண்ணுக்குப் புலப்படாத நஜீஸுக்கு ஷாஃபி நூல்களில் விலக்கு பேசப்படுகிறது. கடும் நஜீஸுக்கும் அது பொருந்துமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு. காய்ந்த இரண்டு பொருள்கள் தொட்டாலும் ஒருசில மூலக்கூறுகள் மாறத்தான் செய்யும், பி.சி.ஆர். அதையும் பிடித்துவிடும். மார்க்கம் மனிதக் கண்ணையும் மூக்கையும் எல்லையாக வைத்தது. கருவிக்கு அப்படி எல்லை இல்லை. எத்தனை மூலக்கூறு வரை பொறுக்கலாம் என்ற கேள்வியை எந்த ஆய்வகமும் தனியாகத் தீர்க்கமுடியாது. சட்ட அறிஞரும் விஞ்ஞானியும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசவேண்டிய இடம் அது.

எதிர்ப்பக்கத்தில், கருவி மௌனமாகிவிடும் இடங்களும் உள்ளன. ஜெலட்டின் செய்யும்போது தோலும் எலும்பும் அமிலத்திலும் வெப்பத்திலும் வெந்து டி.என்.ஏ. சிதைந்துவிடும், அங்கே புரதத் துண்டுகளை வைத்துத்தான் தேடவேண்டும். அதைவிடக் கடினமானது இந்தோனேசியாவில் 2000ஆம் ஆண்டின் இறுதியில் எழுந்த அஜினோமோட்டோ விவகாரம். அந்தச் சுவையூட்டும் உப்பைப் பாக்டீரியாவைக் கொண்டு நொதிக்க வைத்துத் தயாரிக்கிறார்கள். பாக்டீரியாவை வளர்க்கும் ஊட்டக் கரைசலில் சோயாப் புரதத்தின் ஒரு பொருள் இருந்தது. அந்தச் சோயாவை உடைக்கப் பன்றியிலிருந்து எடுத்த நொதி பயன்பட்டிருந்தது. கடைசியில் பொட்டலத்துக்கு வரும் வெள்ளைப் படிகத்தில் பன்றியின் சுவடே கிடையாது. ஆனாலும் அந்நாட்டின் உலமா சபை அதை ஹராம் என்றது. அன்றைய அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித், தாமே ஒரு மார்க்க அறிஞர், அது ஹலால்தான் என்றார். இருவரும் வேதியியலில் முரண்படவில்லை. பொருள் முற்றிலும் மாறிவிட்டால் அதன் பழைய வழி மறைந்துபோகுமா, தொடருமா என்பதில்தான் முரண்பட்டார்கள்.

ஆக, இறுதிப் பொருளைச் சோதித்துத் தெரிந்துகொள்வது பாதிக் காரியத்துக்குத்தான் உதவும். மேலும் ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரித்துச் சோதித்தால் விற்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. 1960களில் விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரித்தவர்கள் இதே சுவரில் முட்டினார்கள். நிச்சயம் வேண்டுமானால் தயாரித்ததில் பெரும்பகுதியைச் சோதனைக்கே கொடுக்கவேண்டியிருந்தது. அதனால் நாசாவும் பில்ஸ்பரி நிறுவனமும் வேறுவழி கண்டன: முடிவைச் சோதிப்பதை விட்டு, வழியில் எங்கெங்கே தவறு நேரக்கூடும் என்று முன்கூட்டியே பட்டியலிட்டு, அந்த முனைகளை மட்டும் விடாமல் கண்காணிப்பது. இன்று உலகெங்கும் உணவுப் பாதுகாப்பின் அடிப்படை அதுதான். மலேசியா 2010இல் வெளியிட்ட எம்.எஸ். 2400 தரவிதி இந்த யோசனையை ஹலாலுக்குக் கொண்டுவந்தது. போக்குவரத்து, கிடங்கு, சில்லறை விற்பனை என்று மூன்று பகுதி, 2019இல் திருத்தப்பட்டது. பெட்டகத்தின் முந்தைய சரக்கு என்ன, செர்த்து செய்த சான்று எங்கே, சீல் எண் ஏற்றியபோதும் இறக்கியபோதும் ஒன்றா, கிடங்கில் எந்தத் தட்டில் வைத்தார்கள் என்று ஒவ்வொரு முனையிலும் ஒரு கேள்வி, ஒரு பதிவு. இதை வழிச்சான்று என்று அழைக்கலாம். இந்தோனேசியாவின் 2014ஆம் ஆண்டு ஹலால் சட்டமும் சேமிப்பு, பொதிதல், விநியோகம் ஆகிய சேவைகளைத் தன் வரம்புக்குள் சேர்த்துக்கொண்டது.

வழிச்சான்றின் பலவீனம் எங்கே என்பதை 2020 டிசம்பரில் ஜோகூர் மாநிலத்தின் செனாய் பகுதியில் ஒரு கிடங்கில் நடந்த சோதனை காட்டியது. போலி முத்திரைகளால் இறக்குமதி இறைச்சியை ஹலால் ஆக்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. குற்றச்சாட்டின்படி, தாள் பார்வைக்குச் சரி. ஆனால் பெட்டியோடு அதற்குச் சம்பந்தமில்லை. இப்போது இதற்குத் தீர்வாகப் பிளாக்செயின் என்ற பேச்சு ஓங்கி ஒலிக்கிறது. ஒருமுறை எழுதிய பதிவை யாரும் பின்னால் திருத்தமுடியாது என்பது அதன் பலம். முதலில் எழுதியவர் பொய் எழுதினால் அந்தப் பொய்யும் அதே உறுதியோடு காக்கப்படும். பதிவையும் பொருளையும் இணைக்க வேறு எதுவோ வேண்டும்: முன்னறிவிப்பின்றி வந்து பெட்டியைத் திறந்து பார்க்கும் ஓர் அதிகாரி, அங்கங்கே எடுத்துச் செய்யும் பி.சி.ஆர். சோதனை. டி.என்.ஏ. சோதனையின் சரியான இடம் இதுதான் என்பது என் எண்ணம். அறுத்த முறையை அது சொல்லாது. எருமை என்று எழுதிய பெட்டியில் எருமைதான் இருக்கிறதா என்று சொல்லும். பொய்யான தாளைப் பிடிக்க அது போதும்.

இதெல்லாம் முஸ்லிம்களின் கவலை மட்டும் என்று நினைப்பவர்கள் 2024 ஜூலையில் சீனாவில் வெளிவந்த செய்தியைப் படிக்கவேண்டும். நிலக்கரியிலிருந்து எடுத்த எரிபொருளை ஏற்றிச்சென்ற டேங்கர் லாரிகள், இடையில் கழுவாமலே, திரும்பும்போது சமையல் எண்ணெயை ஏற்றிவந்தன. எண்ணெய் வாங்கியவருக்குத் தெரிய வழியே இல்லை. கடல்வழிச் சமையல் எண்ணெய் வியாபாரத்தில் கப்பல் தொட்டி கடைசியாகச் சுமந்த மூன்று சரக்குகளைச் சொல்லவேண்டும் என்ற வழக்கம் ஏற்கெனவே உண்டு. சாலையில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லாமல் போயிற்று. போன தடவை இதில் என்ன ஏற்றினாய் என்று கேட்கும் உரிமை சாப்பிடும் எல்லோருக்கும் உரியது.

பெட்டகத்துக்கும் கிடங்குக்கும் விதிகள் எழுதப்பட்டுவிட்டன. இன்னும் சரியாக எட்டாத இடம் சங்கிலியின் கடைசிக் கண்ணி. கோலாலம்பூரின் சாலைகளில் ஓடும் உணவு விநியோக மோட்டார்சைக்கிளின் முதுகுப் பை. ஒரே பையில் இரண்டு உணவகங்களின் சாப்பாடு போகலாம். ஒன்று ஹலால் கடை, இன்னொன்று பன்றி இறைச்சி விற்கும் கடை. உள்ளே சூடான சூப்பின் ஆவி, மூடியில் வியர்வை, ஒரு மூலையில் கசிந்த குழம்பு. காய்ந்தது எதுவும் அங்கே இல்லை. பை துணியால் ஆனது, குடித்ததை விடாது. வண்டி ஓட்டுபவருக்குச் சீல் எண்ணும் இல்லை, முந்தைய சரக்குப் பதிவும் இல்லை. ஒரு நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் அவரிடம் இரண்டு பை வாங்கிவைத்துக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகமுடியாது. ஆர்டரைப் பிரித்து அனுப்பும் கணினி நிரலிலேயே ஹலால் கடைகளையும் மற்றவற்றையும் ஒரே பயணத்தில் சேர்க்காதே என்று எழுதிவிடலாம். உள்ளே கழற்றிக் கழுவும் பிளாஸ்டிக் பெட்டி வைக்கலாம். அதன் செலவை நிறுவனம் ஏற்கவேண்டும்.